கிண்டியிலிருந்து கித்தூர் வரை: தொலைபேசிக் கருவி பிறந்த ஊர்கள்

திங்கள், சென்னை

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 120 கோடி தொலைபேசி இணைப்புகள் உள்ளன. நாடு விடுதலை அடைந்த புதிதில் இருந்தவை சுமார் 80,000. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நடந்ததைச் சேவையின் வெற்றிக் கதையாகப் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால் அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் இணைத்துவிடும் இணைப்பகத்தையும், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ரேடியோ கருவியையும் யார் வடிவமைத்தார்கள், எந்த ஆலையில் செய்தார்கள் என்பது வேறொரு பாதையில் சென்ற கதை. தொலைபேசி பரவியது வேறு, தொலைபேசித் தொழில் வளர்ந்தது வேறு. இரண்டும் சில காலம் சேர்ந்து நடந்து, பிறகு பிரிந்தன. எங்கே பிரிந்தன என்பதை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்க்கும் எண்ணத்தில்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன்.

கிண்டியில் தொடங்குவது பொருத்தம். ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-இல் இங்கே நிறுவப்பட்டது. தொழில்நுட்பம் இத்தாலியின் ஒலிவெட்டியிடமிருந்து வந்தது. செய்தித்தாள் அலுவலகங்களிலும் தந்தி நிலையங்களிலும் இரவும் பகலும் தடதடத்துக்கொண்டிருந்த அந்த அச்சுப் பொறிகளைக் கண்டவர்கள் இப்போது மூத்தவர்களாகியிருப்பார்கள். டெலிபிரிண்டரின் காலம் முடிந்தது, 2001-இல் அரசு தன் பங்கில் 74 விழுக்காட்டைத் தனியாருக்கு விற்றது, பெயரும் எச்.டி.எல். என்று சுருங்கியது. இப்போது அங்கே முக்கியமாக ஒளியிழைக் கேபிள் தயாராகிறது. ஒரு கருவியின் காலம் முடிந்ததும் அதைச் செய்யத் தெரிந்த ஆலை என்ன ஆகிறது என்பதுதான் வழிநெடுக என்னோடு வரப்போகும் கேள்வி.

மாலையில் தரமணிப் பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்காவுக்குச் சென்றேன். 1990-களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கியது ஐ.ஐ.டி. வளாகத்தில்தான். அவர்கள் தொடங்கியது ஓர் எளிய கணக்கிலிருந்து. அன்று ஒரு தொலைபேசி இணைப்பைக் கொடுக்கச் சுமார் 40,000 ரூபாய் செலவாயிற்று. அந்த முதலீடு திரும்பி வர வேண்டுமானால் வாடிக்கையாளர் மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அப்படிக் கட்டக்கூடிய குடும்பங்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். செலவு வளர்ந்த நாடுகளுக்கும் அதேதான் என்றாலும், அங்கே பெரும்பாலோரால் கட்ட முடிந்ததால் அதைக் குறைக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கவில்லை. செலவைக் குறைக்கும் ஆராய்ச்சி நமக்குத் தேவை என்றால் அதை நாம்தான் செய்தாக வேண்டும். இணைப்பகத்திலிருந்து வீடு வரை பூமிக்கடியில் போகும் செப்புக் கம்பிதான் செலவில் பெரும்பகுதி என்பதால், அந்தக் கடைசித் தொலைவை ரேடியோவால் கடந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் வந்தது. இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று நகரத்தில் மோடத்தை வைத்துக்கொண்டு தவம் கிடந்தவர்களுக்கே அது கிடைக்கவில்லை. மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் இணைய மையங்கள் நடந்தது இந்த முறையில்தான். தொழில்நுட்பத்தில் அது தோற்கவில்லை. பெரிய அளவில் கொள்முதல் செய்ய எவரும் முன்வராத நிலையில், கைபேசி அலை வந்து அதை ஓரங்கட்டியது.

செவ்வாய், பெங்களூரு

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்து கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினால் தூரவாணிநகர் அருகில்தான். பழைய மதராஸ் சாலையை ஒட்டி இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், அதாவது ஐ.டி.ஐ., 1948-இல் தொடங்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழில் நிறுவனங்களில் ஒன்று இது. எஃகு ஆலைகளுக்கும் முந்தியது. ஆலை, குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒரே வளாகமாக அமைந்த அந்தக் காலத்து ஊர். டின் ஃபேக்டரிச் சந்திப்பின் நெரிசலிலிருந்து உள்ளே திரும்பியதும் மரங்களும் அகலமான தெருக்களும் வந்துவிடுகின்றன. பிரிட்டனில் லிவர்பூலில் இயங்கிய ஏ.டி.இ. நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இங்கே ஸ்ட்ரோஜர் வகைத் தானியங்கி இணைப்பகங்கள் தயாராயின.

ராமமூர்த்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரை நண்பர் மூலம் சந்திக்க முடிந்தது. வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் இளமையில் வந்து சேர்ந்து இங்கேயே குடும்பமாகிவிட்ட எத்தனையோ தமிழர்களில் ஒருவர். ஸ்ட்ரோஜர் செலக்டர் ஒன்றை மர மேசையில் வைத்திருக்கிறார். ஒரு முழத்துக்கும் குறைவான கருவி. பித்தளைத் தொடுமுனைகள் அரைவட்டமாக வளைந்து, பத்துப் படிகளாக, படிக்குப் பத்தாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒரு தண்டு, அதில் நீட்டிய ஒரு கை. அவர் கட்டைவிரலால் தண்டை நெம்ப, அது நான்கு 'டக்'குகளுடன் நான்காம் படிக்கு ஏறியது. பக்கவாட்டில் தள்ள, ஏழு 'டக்'குகளுடன் ஏழாவது முனையில் போய் நின்றது.

“இதுதான் தம்பி, நாப்பத்தேழு. நீங்க டயல சுத்தி விட்டா அது திரும்பி வர்றப்ப எத்தன துடிப்பு வருதோ, அத்தன படி இது ஏறும். பத்தாயிரம் லைன் எக்ஸ்சேஞ்சுல ஆயிரக்கணக்குல இது நிக்கும். உள்ள போனா மழை பேஞ்ச மாதிரி இருக்கும்.”

இதைக் கண்டுபிடித்த அல்மன் ஸ்ட்ரோஜர் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொலைபேசி ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில், ஆபரேட்டரே தேவைப்படாத இணைப்பகத்தைக் கண்டுபிடித்து 1891-இல் காப்புரிமை பெற்றார் என்பார்கள். கோபத்தால் இவ்வளவு நன்மை விளைந்தது அபூர்வம்.

பெரியவரின் பேச்சில் எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த தலைமுறைக் கருவியைப் பற்றியது. 1960-களில் ஸ்ட்ரோஜர் பழையதாகிவிட்டதென்று கிராஸ்பார் தொழில்நுட்பத்துக்கு மாறினார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்து நிறுவனம் ஒன்றிடமிருந்து 'பென்டகான்டா' வகை வந்தது. ஐரோப்பாவில் நன்றாக ஓடிய அந்தக் கருவி இங்கே திணறியது. காரணம் ஆலையில் இல்லை, தெருவில் இருந்தது. எந்த இணைப்பகமும் எல்லாச் சந்தாதாரர்களும் ஒரே நேரத்தில் பேசுவதற்கென்று கட்டப்படுவதில்லை. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்ற மதிப்பீட்டில்தான் உள்ளே பாதைகள் அமைக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் வீட்டுக்கொரு தொலைபேசி. ஒவ்வொன்றிலும் நாளுக்குச் சில அழைப்புகள். இந்தியாவிலோ ஒரு தொலைபேசி ஒரு தெருவுக்கே பொது. நம் தலைமுறையின் திருமண அழைப்பிதழ்களிலும் முகவரி அட்டைகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்குமே, அது பக்கத்து வீட்டுக்காரரின் எண். அந்த ஒரே லைனில் காலையிலிருந்து இரவு வரை அழைப்பு ஓயாது. கிடைக்காதவர்கள் மறுபடி மறுபடி சுழற்றுவதால் சுமை இன்னும் ஏறும். தொலைபேசிப் பஞ்சமே தொலைபேசிக் கருவியைத் திணறடித்தது. கடைசியில் இந்தியச் சுமைக்கேற்ப அதைத் திருத்தி அமைக்க இங்குள்ள பொறியாளர்களே உட்கார வேண்டியதாயிற்று.

“வாங்குன டிசைன அப்படியே போட்டா ஓடாதுன்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது” என்றார் அவர். இந்திய மின்னணுத் துறையில் பிறகு நடந்த பலவற்றின் விதை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஐ.டி.ஐ. பின்னர் ஸ்ரீநகர், நைனி, ரேபரேலி, பாலக்காடு, மன்காப்பூர் என்று விரிந்து, உச்சத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது. வாங்குபவர் ஒருவரே, தொலைத்தொடர்புத் துறை. விற்பவரும் ஏறத்தாழ ஒருவரே. இந்த ஏற்பாட்டில் சோம்பலும் இருந்தது, தாமதமும் இருந்தது. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆர்டர் நிச்சயமாக வரும் என்ற ஒன்றும் அதில் இருந்தது. 1991-க்குப் பிறகு கருவி உற்பத்தி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, சீமென்ஸ், அல்காடெல், எரிக்சன் போன்ற நிறுவனங்கள் உள்ளே வந்து, குறைந்த விலைக்கு டெண்டர் என்றானதும், இந்த ஆலையின் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2000-களில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்படும் அளவுக்குப் போயிற்று. 2014-இல் மத்திய அரசு 4,156 கோடி ரூபாய் மறுசீரமைப்புத் தொகை ஒதுக்கியது. பெரியவர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. காபியை மட்டும் மறுபடி ஊற்றினார்.

புதன், பெங்களூரு, இரவு ரயிலுக்கு முன்

இன்றைய பொழுது சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையத்தைப் பற்றியது. 1980-களின் முற்பகுதியில் 70 கோடி மக்களுக்குச் சுமார் 25 லட்சம் தொலைபேசிகள்தான் இருந்தன. பிரான்சின் சி.ஐ.டி.-அல்காடெலிடமிருந்து இ-10பி என்ற டிஜிட்டல் இணைப்பகத்தை வாங்கி, உத்தரப் பிரதேசத்து மன்காப்பூரில் உற்பத்தி செய்ய 1982-இல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அது பெருநகரங்களுக்கான பெரிய கருவி. குளிரூட்டிய அறை வேண்டும். சிற்றூருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. 1984 ஆகஸ்டில் தொலைத்தகவல் வளர்ச்சி மையம், சி-டாட், தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் டிஜிட்டல் இணைப்பகத் துறையில் பெயர் பெற்றிருந்த சாம் பித்ரோடா ஆலோசகர்; தொலைபேசித் துறையிலிருந்து மீமாம்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பிட்கே. கொடுக்கப்பட்டது 36 கோடி ரூபாய், 36 மாதங்கள்.

அங்கே பணியாற்றிய பெண் பொறியாளர் ஒருவரை மல்லேஸ்வரத்தில் சந்தித்தேன். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவர். உடன் இருந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில்தான் இருந்தார்களாம். வயதும் பதவியும் பார்த்துப் பேசும் அரசு அலுவலகப் பழக்கத்துக்கு அது நேர்மாறான இடம் என்றார். “கண்டிப்பான கெடு, சுவரில் வரைபடம், வார முடிவில் யார் என்ன முடித்தார்கள் என்ற கேள்வி, அரசுப் பணத்தில் இப்படியும் ஒரு அலுவலகம் நடக்குமா என்று அப்பா நம்பவே மாட்டார்” என்று சிரித்தார்.

மேடம் காகிதத்தில் படம் போட்டு விளக்கியதன் சாரம் இது. 128 இணைப்பு முனைகள் கொண்ட ஒரு சிறு தொகுதியை முதலில் உருவாக்குவது. அதையே அலுவலகங்களுக்கான உள் இணைப்பகமாகவும் கிராம இணைப்பகமாகவும் விற்பது. அந்த அனுபவத்தின்மேல் 512 முனைத் தொகுதிகளை அமைத்து, அவற்றைப் பலவாகக் கோத்துப் பெரிய நகர இணைப்பகம் ஆக்குவது. சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும் வழி. பன்னாட்டு நிறுவனங்கள் பெரியதைச் செய்து சுருக்குவார்கள்; சுருக்கினாலும் அதன் விலை சுருங்குவதில்லை. கிராம இணைப்பகத்துக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: குளிரூட்டி இல்லாமல் வெயிலையும் தூசியையும் தாங்க வேண்டும், மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட வேண்டும், கெட்டுப்போன மின்சுற்று அட்டையை உருவி வேறு அட்டையைச் செருகுவதற்கு மேல் உள்ளூர்ப் பணியாளருக்கு வேலை இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் அவர் வலியுறுத்தினார். வடிவமைப்பு மட்டும் போதவில்லை. தரமான அச்சுச் சுற்று அட்டையும் இணைப்பிகளும் உள்நாட்டில் கிடைக்காத நாட்கள் அவை. சிறு சிறு பட்டறைகளைத் தேடிப் பிடித்து, தரம் என்றால் என்ன என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து வாங்கினார்கள். தொழில்நுட்பத்தை ஐ.டி.ஐ.க்கு மட்டுமல்லாமல் பல தனியார் நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்தார்கள். ஒரு நாட்டில் ஒரு தொழில் உருவாகிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சில்லறை வேலைகள்தாம். 1989-இல் ஆட்சி மாறியதும் பெரிய இணைப்பகத்தின் தாமதத்தைக் காட்டிக் குற்றச்சாட்டுகளும் விசாரணைகளும் எழுந்தன. தாமதம் உண்மைதான். அவரும் மறுக்கவில்லை.

இரவு ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸ். சி-டாட்டின் முதல் கிராம இணைப்பகம் நிறுவப்பட்ட கித்தூருக்குப் போக, அந்த ஊர் அரசியின் பெயர் தாங்கிய ரயிலே அமைந்தது. படுக்கையில் குறிப்பேட்டைப் புரட்டியபோது ஓர் ஒப்பீடு உறுத்தியது. தென் கொரியாவில் அரசு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.டி.எக்ஸ்.-1 என்ற டிஜிட்டல் இணைப்பகம் சேவைக்கு வந்தது 1986-இல், நம் கிராம இணைப்பகத்தின் அதே ஆண்டில். ஹாங்காங்கிலிருந்து சிறு இணைப்பகங்களை வாங்கி விற்கும் கடையாக ஷென்ஜெனில் ஹுவாவெய் தொடங்கியது 1987-இல். தன் சொந்தப் பெரிய இணைப்பகத்தை அது கொண்டுவந்தது 1993-இல். தொடக்கத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. அவர்களுடைய இணைப்பகத்துக்குப் பிறகு கைபேசி அமைப்பு, அதற்குப் பிறகு அடுத்தது என்று உள்நாட்டு ஆர்டர்கள் அறுபடாமல் தொடர்ந்தன. இங்கே 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசி நாட்டின் முதல் கைபேசி அழைப்பைத் தொடங்கி வைத்தபோது, புதிய சேவை உரிமங்களைப் பெற்ற தனியார் நிறுவனங்கள் அத்தனையும் வெளிநாட்டுக் கருவியைத்தான் பொருத்தின. கையில் ஆயத்தமான இந்தியக் கருவி எதுவும் இல்லை; உருவாகும் வரை காத்திருக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. சேவையும் தொழிலும் பிரிந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வியாழன், கித்தூர்

தார்வாடில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பெலகாவி நெடுஞ்சாலையில் கித்தூர். 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற சென்னம்மாவின் கோட்டை இடிபாடாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போகிறார்கள். 1986 ஜூலையில் சி-டாட்டின் முதல் கிராம இணைப்பகம் இந்த ஊரில் நிறுவப்பட்டது என்பதைச் சொல்லும் பலகை எதையும் நான் பார்க்கவில்லை. இருக்க வேண்டும் என்று தோன்றியது. கோட்டைக்கு எத்தனை பலகைகள்!

பேருந்து நிலையத்தருகே மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்திலும் அவருக்குத் தெரிந்த இந்தியிலும் பேசிக்கொண்டோம். கடையின் ஓரத்தில் மஞ்சள் எழுத்துப் பலகை, மரத்தடுப்பு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். இரவு கட்டணம் குறைந்ததும் வரிசை நிற்குமாம். “மும்பையில் வேலைக்குப் போன பையன்களின் அம்மாக்கள் வருவார்கள், காசு ஏறுகிறதே என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்” என்றார். தமிழ்நாட்டில் என் ஊர்ப் பூத்திலும் இதே காட்சிதான்.

ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரை அவரே கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். அவர் பணியாற்றியது சுற்றுவட்டாரச் சிற்றூர்களில். கிராம இணைப்பகம் என்பது ஒரு சிறிய பீரோ அளவுதான் என்று கைகளால் காட்டினார். ஒற்றை அறை, ஒரு சன்னல், மூலையில் பேட்டரிகள். கைமுறை இணைப்பகம் இருந்த சிற்றூர்களில் இரவில் ஆபரேட்டர் போய்விட்டால் தொலைபேசியும் தூங்கிவிடும். பாம்பு கடித்தாலும் பிரசவ வலி எடுத்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குத் தூக்கமில்லை. கோடையில் அறைக்குள் நம்மால் நிற்க முடியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்றார். மழைக்காலத்து இடிதான் அதற்கு எமன். மின்னல் லைன் வழியாக வந்து அட்டைகளைப் பொசுக்கிவிடும்; பொசுங்கியவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் தார்வாடுக்குப் போய், நல்ல அட்டைகளை வாங்கி வந்து செருகுவார். பொறியாளர் வரவேண்டிய தேவையே இருந்ததில்லை. பெங்களூரில் மேடம் மூன்றாவது நிபந்தனையாகச் சொன்னது இவருடைய துணிப்பையைத்தான்.

இந்த ஊர்க்காரர்களின் கையில் இப்போதிருக்கும் கைபேசிகள் வேறு கோபுரங்களோடு பேசுகின்றன. இணைப்பகத்தின் வேலை என்றோ முடிந்துவிட்டது.

வெள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி

மறுபடி பெங்களூரு. ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியில் சி-டாட்டின் பெங்களூரு அலுவலகமும், 2000-இல் தொடங்கிய தேஜஸ் நெட்வொர்க்ஸும் அருகருகே இருக்கின்றன. ஒளியிழைக் கருவிகளை இங்கேயே வடிவமைத்துப் பெயர் பெற்ற தேஜஸ் இப்போது டாடா குழுமத்தில். 2020-இல் சீன எல்லையில் ஏற்பட்ட மோதலுக்குப் பின், பி.எஸ்.என்.எல். தன் 4ஜி டெண்டரை ரத்து செய்தது. உள்நாட்டில் உருவான கருவிதான் வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. மையக் கருவிக்கு சி-டாட், கோபுரத்து ரேடியோவுக்கு தேஜஸ், எல்லாவற்றையும் இணைத்து நிறுவ டி.சி.எஸ். 2023-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் இடங்களுக்கு ஆர்டர். ஒரு பங்கு ஐ.டி.ஐ.க்கும் வந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் அந்த 4ஜி வலையமைப்பைத் தொடங்கி வைத்தார். இப்படி முழு அமைப்பையும் சொந்தமாக வைத்திருக்கும் நாடுகள் நம்மைத் தவிர சுவீடன், டென்மார்க், தென் கொரியா, சீனா ஆகியவையே என்று அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பெருமை நியாயமானதுதான்.

விலையையும் சொல்ல வேண்டும். இங்கே தனியார் 4ஜி 2012-இலேயே வந்துவிட்டது. ஜியோ 2016-இல் சந்தையைப் புரட்டிப் போட்டது. 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. 2020 ஜனவரியில் 78,000-க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். உள்நாட்டுக் கருவி முதிர்ச்சி அடையும்வரை காத்திருந்த சுமையைத் தாங்கியது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஒரே ஒரு அரசு நிறுவனம். இதற்கு வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தோன்றவில்லை. எரிக்சனும் நோக்கியாவும் சாம்சங்கும் கையில் இருக்கும்போது தனியார் நிறுவனம் எதுவும் புதிய கருவிக்குத் தன் வாடிக்கையாளர்களைப் பணயம் வைக்காது.

இத்துறையில் வேலை செய்யும் திருநெல்வேலி இளைஞர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது சொன்னது நினைவில் நிற்கிறது. “ஆய்வகத்துல எல்லாம் ஓடிரும் சார். ஒரு லட்சம் கோபுரத்துல போட்ட பிறகு வர்ற பிழை இருக்கே, அது ஆய்வகத்துல வரவே வராது. அதச் சரி பண்ணித்தான் நாங்க படிச்சோம். ஆர்டர் இல்லன்னா அந்தப் படிப்பே இல்ல.” ஆண்ட்வெர்ப் கருவி இந்தியத் தெருவில் திணறிய கதையை அவருக்குச் சொன்னேன். அவர் பிறப்பதற்கு முப்பது ஆண்டு முந்தைய விஷயம். கேட்டுவிட்டு, “அதே கதைதான்” என்றார். பி.எஸ்.என்.எல். ஆர்டர் முடிந்தபின் அடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். வெளிநாடுகளில் முயல்கிறார்கள் என்றார்.

சனி, ஸ்ரீபெரும்புதூர்

சென்னைக்குத் திரும்பும் நெடுஞ்சாலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் வருவதால் இறங்கிக்கொண்டேன். 2006-இல் இங்கே நோக்கியா தொடங்கிய ஆலை 2011-க்குள் 50 கோடி கைபேசிகளைச் செய்து முடித்தது. உலகத்தின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக இருந்தது. சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். பிறகு வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டன. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அதே வளாகத்தைப் பின்னர் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. ஃபாக்ஸ்கானின் ஐஃபோன் ஆலையும் இதே வட்டாரத்தில்தான்.

ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு நின்ற ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். செய்யாற்றுப் பக்கம். அன்று கைபேசி வரிசையில் வேலை பார்த்தவர். மூடியபின் சில ஆண்டுகள் துணிக்கடையில் நின்று, இப்போது வேறொரு மின்னணு ஆலையில் மேற்பார்வையாளர். அன்று அட்டைகளும் திரைகளும் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும், இங்கே பொருத்திச் சோதித்து அனுப்புவோம் என்றார். இப்போது எப்படி என்றேன்.

“மேல்கூடு, சார்ஜர், கேபிள்லாம் இங்கயே பக்கத்துல வருது தம்பி. உள்ள இருக்கற சில்லு மட்டும் இன்னும் பெட்டியிலதான் வருது. ஆனா அப்ப மிஷின் கெட்டா வெளிநாட்டுக்காரர் வரணும், லைன் ரெண்டு நாள் நிக்கும். இப்ப எங்க பிள்ளைங்களே திறந்து பாக்கறாங்க.”

சில்லைப் பற்றி அவர் சொன்னது எனக்குத் தெரிந்த செய்திதான். இயந்திரத்தைத் திறக்கும் பிள்ளைகளைப் பற்றியது தெரியாதது. எங்கே படித்தவர்கள் என்று கேட்டேன். பாலிடெக்னிக் என்றார், இரண்டு பேர் அவருடைய வரிசையிலேயே ஆபரேட்டராகச் சேர்ந்து மாலைநேர வகுப்பில் டிப்ளமா முடித்தவர்களாம். அதற்குள் காஞ்சிபுரம் பேருந்து வந்துவிட, அவர் ஏறிக்கொண்டார். நான் எதிர்ப்பக்கம் போய்ப் பூந்தமல்லிப் பேருந்துக்கு நின்றேன்.